பொகவந்தலாவையிலிருந்து கோத்தகிரிக்கு

இலங்கையின் தேயிலை மலையான பொகவந்தலாவையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள் நான். பொதுச் சுகாதாரம் படிக்கிற எங்கள் வகுப்பில், இறுதியாண்டுக் களப்பயிற்சிக்கு வெளிநாடு போகலாம் என்றதும் பலரும் நேபாளம், தாய்லாந்து என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் நீலகிரி என்று எழுதினேன். "லயத்துல பொறந்து வளந்துட்டு இன்னொரு தேயிலை மலைக்கா போகப்போற?" என்று அம்மாவுக்கு வருத்தம். அதற்காகத்தான் போகிறேன் என்றேன். அதே தேயிலை, அதே தமிழ், ஆனால் வேறு அரசு, வேறு சுகாதார அமைப்பு. தோட்டத்துப் பெண்களின் உடம்பில் அதனால் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அன்றன்று இரவு நோட்டில் எழுதியதிலிருந்து சில நாட்கள் இங்கே.

ஜனவரி 6, திங்கள் – மேட்டுப்பாளையம், கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் நல்ல வெயில். கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. குஞ்சப்பனை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வயிறு புரட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எதுவும் கேட்காமல் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, "மோந்துட்டே வா கண்ணு" என்று கையில் வைத்தார். கொஞ்சம் தெளிந்த பிறகுதான் எந்த ஊர் என்று விசாரித்தார். சிலோன் என்றேன். "சிலோனா? பேச்சு நம்மளாட்டமே இருக்குது!" என்று முன் சீட்டுக்காரரையும் தட்டிச் சொன்னார். இறங்கும்போது பழத்தை என்னிடமே விட்டுவிட்டார்.

கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி. எங்கள் ஊரைவிட உயரம். மாலை ஐந்தரைக்கே குளிர் முழங்காலில் ஏறியது. நான் கொண்டுபோன ஸ்வெட்டர் போதவில்லை.

ஜனவரி 7, செவ்வாய் – வீடு தேடி

பேசி வைத்திருந்த அறைக்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "தப்பா நெனைக்காதம்மா, போலீசு விசாரணைன்னு வந்தா எங்களால அலைய முடியாது." வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதற்கான படிவத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அது வெறும் தகவல் பதிவுதான். ஆனால் வயதான ஒருவருக்கு அதை நினைத்துப் பயம் வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்திலும் போலீஸ் என்ற சொல்லுக்குக் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும்.

பயிற்சி கொடுக்கும் தொண்டு நிறுவனத்து அக்கா ஒருவர் வேறு வீட்டுக்கு அழைத்துப்போனார். படுகர் குடும்பம். அந்த வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் ஒரு டம்ளர் டீ கொடுத்தார், பிறகுதான் வாடகை பேசினார். படிவத்தை அவர் மகன் ஏற்றினார். போட்டோ அளவு சரியில்லை என்று திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டது, இரவு பத்தரைக்குத்தான் ஏற்றுக்கொண்டது. அவ்வளவு நேரமும் அவர் முகம் சுளிக்கவில்லை.

இங்கே எல்லோரும் ஜிபேயில்தான் காசு கொடுக்கிறார்கள். கீரைக் கட்டு விற்கிற பாட்டிகூட க்யூஆர் அட்டையை நீட்டுகிறார். இந்திய வங்கிக் கணக்கு இல்லாத என்னிடம் இருந்ததோ ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். மூலையிலிருந்த டீக்கடைக்காரர் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, 'சிலோன் பொண்ணு – 27' என்று எழுதிக்கொண்டார். டீ 15, இரண்டு வர்க்கி 12. என் பெயர்கூடக் கேட்காமல் கடன் கொடுத்த ஊர் இது.

ஜனவரி 9, வியாழன் – துணை சுகாதார நிலையம்

இன்றுதான் வேலை தொடங்கியது. என்னைப் பொறுப்பேற்றவர் கிராம சுகாதார செவிலியர், ஈரோட்டுக்காரர், இந்த மலையிலேயே வெகுகாலமாக இருக்கிறார். தோட்டங்களில் எல்லோருக்கும் அவர் 'நர்ஸம்மா'. எங்கள் ஊரில் இதே வேலையைச் செய்கிறவரை 'மிட்வைஃப் மிஸ்' என்போம். வேலையும் அநேகமாக ஒன்றுதான்: கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, எடை பார்ப்பது, தடுப்பூசிக் கணக்கு, வீடு வீடாக நடை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது இங்கே கணக்கு. அந்த 3,000 பேர் எத்தனை பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்வதில்லை. அதை நடந்துதான் பார்க்க வேண்டும்.

எனக்குப் புதிதாக இருந்தது 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒரு தன்னார்வலப் பெண் பையில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறார். அவரோடு தொழிலாளர் குடியிருப்பான ஒரு லைனுக்குப் போனேன். ஒரு தாத்தா மாத்திரைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. தன்னார்வலர் அக்கா திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்தார். இரண்டு காகிதப் பொட்டலம் மடித்து, ஒன்றில் பேனாவால் சூரியனும் மற்றதில் பிறையும் வரைந்து கொடுத்தார். தாத்தா பிறையைத் தடவிப் பார்த்து, "இது ராத்திரி" என்றார். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் மாத்திரைக்காக அப்பாயி வரிசையில் நிற்பது ஞாபகம் வந்தது. மாத்திரை ஆளைத் தேடி வருவது பெரிய விஷயம். இதை ஊருக்குத் திரும்பியதும் யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது சாதாரணக் கட்டண பஸ். கண்டக்டர் என் ஊர், பேர் ஒன்றும் கேட்காமல் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெண் என்பது போதுமானதாக இருந்தது.

ஜனவரி 11, சனி

குழாய்த் தண்ணீர் காலையில் விரலைக் கடிக்கிறது. குளிப்பது மதியம் என்று மாற்றிக்கொண்டேன். வீட்டம்மா விறகடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் வைத்திருப்பார், அதில் எனக்கு ஒரு வாளி. சமையலும் கொஞ்சம் பழகிவிட்டது. மார்க்கெட்டில் கேரட்டும் பீன்ஸும் அன்று பறித்ததாகவே கிடைக்கின்றன. தேங்காய்தான் விலை. தேங்காய்ப்பால் இல்லாமல் சமைக்கத் தெரியாத எனக்கு வீட்டம்மா அவரைக்கொட்டைக் குழம்பு சொல்லிக்கொடுத்தார். மலைப்பூண்டு தட்டிப்போட்டால் பால் இல்லாத குறையே தெரியவில்லை.

ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகடுப்பில் வேகிற பேக்கரி வாசலில் காலை நேரம் நின்றால் அந்த வாசனைக்காகவே வாங்கத் தோன்றும். டீயில் தோய்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

இரவு எட்டுக்கு மேல் வெளியே போகாதே என்று வீட்டில் கட்டளை. காரணம் கரடி. எண்ணெய் வாசனைக்குக் கோயில் விளக்குகளையும், சத்துணவு இருக்கும் கட்டடங்களையும் தேடி வருமாம். நர்ஸம்மாவின் துணை நிலையக் கதவிலும் நகக்கீறல் இருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன். என் சுண்டுவிரல் அந்தப் பள்ளத்துக்குள் போனது.

ஜனவரி 14, செவ்வாய் – பொங்கல்

நர்ஸம்மா பண்டிகைக்கு ஈரோடு போய்விட்டார். "தனியா இருக்காதே, லைனுக்குப் போ, அவங்க உன் ஊர்க்காரங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். டான்டீ குடியிருப்பு ஒன்றுக்குப் போனேன். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை தரத் தமிழக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் அது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரைப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கள் தாத்தா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டதோடு சரி. தலைமன்னாரில் கப்பலேறிய பிறகு இரண்டு கடிதம் வந்ததாம். சின்னத்தாத்தா எந்த ஊரில் இறங்கினார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவரை இங்கே கண்டுபிடிப்பேன் என்று நான் வரவில்லை. கண்டுபிடிக்கவும் இல்லை.

ஆனால் லைனுக்குள் கால் வைத்ததும் தோசைக்கல்லில் ரொட்டி வேகிற மணம். தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த கோதுமை ரொட்டி. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஒரு பக்கம், ரொட்டியும் சம்பலும் ஒரு பக்கம். மாசிக் கருவாடு கிடைக்காததால் காய்ந்த இறால் போட்டு இடித்திருந்தார்கள். காரம் மட்டும் அப்படியே எங்கள் வீட்டுக் காரம்.

சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி: "அங்க இப்ப பேரு எவ்வளவு?" நாட்சம்பளத்தைக் கேட்கிறார்கள். 1,350 என்றேன். ஒரு மாமா உடனே மனக்கணக்குப் போட்டு, இந்தியக் காசுக்கு நானூறுகூட வராதே என்று தலையை ஆட்டினார். தான் வாங்குவது அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஒரு அம்மாயி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மஸ்கெலியாக்காரர். "நான் சமைஞ்ச வருசம் பழைய டவுன் தண்ணிக்குள்ள போச்சு. டேம் கட்டுனாங்கல்ல. தண்ணி வத்துனா கோயில் தெரியுதாமே, நெசமா?" உண்மைதான். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலத்தில் மூழ்கிய கோயில் வெளியே தெரியும். என் போனில் வீடியோ இருந்தது. சேறு படிந்த கல்தூண்களை அவர் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார். படத்தை நிறுத்தச் சொல்லி, ஒரு மூலையில் விரல் வைத்து, "இங்கதான் எங்கப்பா கடல வாங்கிக் குடுப்பாரு" என்றார். விரல் பட்டு வீடியோ மறுபடி ஓடியது, மறுபடி நிறுத்தினேன். வெளிச்சம் போகும்வரை இதையே செய்துகொண்டிருந்தோம்.

ஜனவரி 19, ஞாயிறு – குன்னூர்

விடுமுறையில் எல்லோரும் சிம்ஸ் பார்க்குக்குப் போகிறார்கள். நான் அதன் எதிரே இருக்கிற பாஸ்டர் நிறுவனத்தைப் பார்க்கத்தான் போனேன். 1907-இல் தொடங்கியது. நாய்க்கடிக்கு மருந்து தேடித் தென்னிந்தியா முழுவதிலுமிருந்து இந்த மலைக்கு ஏறி வந்த காலம் ஒன்று இருந்தது. கக்குவான், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் மூன்றுக்குமான முத்தடுப்பூசியும் இங்கே தயாராகிறது. ஞாயிறு என்பதால் கேட்டுக்கு வெளியே நின்று சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததோடு சரி. எனக்கு அதுவே நிறைவாக இருந்தது. திரும்புகிற பஸ் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. வறுத்த கடலை 20 ரூபாய்.

ஜனவரி 21, செவ்வாய் – முதல் முகாம்

பெண்களுக்கான இரத்தசோகைப் பரிசோதனை. காலை பத்து மணி, அங்கன்வாடியில். பாய் விரித்து, ஹீமோகுளோபின் மீட்டர், ஸ்ட்ரிப், ஊசி, பதிவேடு எல்லாம் அடுக்கி உட்கார்ந்தோம். வந்தவர்கள் நாலைந்து பாட்டிகளும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும்தான். யாரைப் பார்க்க வந்தோமோ அவர்கள் எதிர் மலைச்சரிவில் கத்தரி வைத்துத் தேயிலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் பிளாஸ்டிக் விரிப்பு, முதுகில் சாக்கு. அங்கன்வாடி ஜன்னலிலிருந்து ஆள் அடையாளமே தெரிந்தது.

ஒரு பாட்டி சொன்னார்: "எடுத்துக்கிட்டிருக்கறப்ப எப்படிம்மா வருவாங்க? பாதியில வந்தா அரைப்பேருதான்." பொகவந்தலாவையில் கிளினிக் நாளில் எங்கள் அம்மா சொன்ன அதே வார்த்தை. என் தங்கை வயிற்றில் இருந்தபோது அம்மா கிளினிக் போகாமல் விட்ட நாட்கள் எல்லாம் நிரை போட்டுக் கொழுந்து நன்றாக வந்த நாட்கள். பிரசவத்தில் ரத்தம் போதாமல் நாவலப்பிட்டி வைத்தியசாலைக்கு லொறியில் கொண்டுபோனார்கள். பிழைத்தார். பக்கத்து லயத்து அத்தை பிழைக்கவில்லை. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான்.

இங்கே கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை இலவசம், சத்துமாவு உண்டு. அங்கே திரிபோஷ என்ற சத்துமாவு உண்டு, மிட்வைஃப் மிஸ் உண்டு. இரண்டு பக்கமும் அரசு கையை நீட்டத்தான் செய்கிறது. நீட்டுகிற நேரம் மட்டும் இரண்டு பக்கமும் காலை பத்து மணி. தோட்டத்துப் பெண்ணிடம் இல்லாத நேரம் அதுதான். விழிப்புணர்வு இல்லை, அதனால் வருவதில்லை என்று அறிக்கைகளில் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்கு எல்லாம் தெரியும். அரைநாள் கூலியின் கணக்கும் தெரியும்.

நர்ஸம்மாவிடம் சாயங்காலம் இலை எடை போடுகிற இடத்தில் வைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் உடனே சரி சொல்லவில்லை. மாலையில் திரும்ப பஸ் இல்லை, அன்றைய கணக்கை அன்றே ஏற்ற வேண்டும், இருட்டினால் காட்டெருமை. எல்லாம் நியாயமான சிக்கல்கள்தான். "மேஸ்திரிகிட்ட பேசிப் பாக்கறேன்" என்றார்.

ஜனவரி 24, வெள்ளி – கரிக்கையூர்

சோலூர்மட்டம் தாண்டி ஜீப் இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன். இருளர் ஊர். காப்பி, மிளகு, சாமை. இங்கே அரிவாளணு சோகைக்கான பரிசோதனை; ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் அது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான்: 1952-இல் லேமானும் கட்புஷும் எழுதிய கட்டுரை வழியாக. பாடத்தில் ஒரு வரியாகப் படித்ததை இந்த மண்ணில் நின்று பார்த்தேன்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கரைசலில் விட்டுச் சில நிமிடம் வைக்கிறார்கள். பிறகு கோடு போட்ட காகிதத்தின் முன் குழாயைப் பிடிக்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. கலங்கி, கோடு மறைந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை. ஒரு குழாயில் கோடுகள் மறைந்தபோது ஆய்வக அண்ணன் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் அதை வரிசையில் வைத்தார். எதிரே அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். மரபணுவைச் சுமப்பவருக்கு அநேகமாகத் தொல்லை இல்லை. தாய் தகப்பன் இருவருமே சுமந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. குளிரும் தண்ணீர் குடிக்காததும் வலியைக் கிளப்பும் என்று இங்குள்ள தாய்மாருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு அம்மா மகனுக்கு வெயிலிலும் காலுறை போட்டு வைத்திருந்தார்.

மதியம் ராகிக் களியும் கீரையும். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். எங்கள் நாட்டில் குருநாகல் பக்கம் தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய்க்கு இதே மாதிரி ஊர் ஊராகப் போகிறார்கள். திருமணப் பேச்சில் இந்த முடிவுகள் எப்படிப் பயன்படும், எப்படிக் காயப்படுத்தும் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கே அந்த அண்ணன் முடிவை ஒவ்வொருவரிடமும் தனியாக, வீட்டுக்குள் போய்ச் சொன்னார். நேரம் பிடித்தது. அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

உறைபனி. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. நுவரெலியாவிலும் இந்த மாதம் இப்படித்தான். தாழ்வான இடத்துத் தேயிலை கருகிவிட்டது. வீட்டம்மா ஒரு பழைய கம்பளிச் சால்வை கொடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்றார். டீக்கடைக் கணக்கை இன்று தீர்த்தேன். புத்தகத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது.

ஜனவரி 30, வியாழன் – எடை போடும் கொட்டகை

மேஸ்திரி ஒப்புக்கொண்டார். மாலை நாலு மணிக்குக் கொட்டகையின் ஒரு ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். சாக்கை இறக்கி, எடை சொல்லி, துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு அப்படியே எங்கள் பக்கம் வந்தார்கள். வரிசை தேயிலைச் செடிவரை போய்விட்டது. தேயிலைக் கறை ஏறிக் காய்த்துப்போன விரல்கள். முதல் குத்தில் ரத்தம் வராது. வெந்நீரில் நனைத்த துணியால் தேய்த்துச் சூடாக்கிப் பிறகு குத்தினேன். எங்கள் அம்மாவின் விரல்களும் இவைதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலர் டீயோடு விழுங்குகிறார்கள். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. "மாத்திரைக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடுங்கக்கா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. "டீ இல்லாம ஒரு மணி நேரமா?" என்று ஒரு அக்கா சிரித்தார். அப்புறம் அவரே வழி சொன்னார்: ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டீ குடிப்பதில்லை, படுக்கும்போது போட்டுக்கொள்கிறேன். அதையே அடுத்தவர்களுக்கும் சொன்னேன்.

வரிசையின் கடைசியில் ஐந்தாம் மாதக் கர்ப்பிணி ஒருவர். பதிவு செய்ததோடு சரி, எந்தக் காலை முகாமுக்கும் வந்ததில்லை. மீட்டர் 7.4 காட்டியது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து. நர்ஸம்மா எண்ணை இரண்டு தடவை பார்த்தார். அங்கேயே கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி, இரும்புச் சத்து ஊசிக்கு நாள் குறித்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, அந்த நாளில் இந்தப் பெண்ணுக்கு முழுப்பேர் போட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மேஸ்திரி கொஞ்சம் யோசித்து, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். "கேட்டுச் சொல்லாதீங்க, கேட்டு வாங்கிக் குடுங்க" என்றார் நர்ஸம்மா.

இருட்டிவிட்டது. இலை ஏற்றுகிற லாரியில் முன்பக்கம் உட்காரவைத்துக் கோத்தகிரிவரை கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த வியாழன் பக்கத்து டிவிஷனில், இதே நேரம். ஸ்ட்ரிப் டப்பா அநேகமாகக் காலி. நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையம் திறந்ததும் ஸ்ட்ரிப் கேட்டு இண்டென்ட் போட வேண்டும், இந்தத் தடவை இரண்டு மடங்காக.